ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஹெட்போன் ஆம்ப் வாங்காதீர்கள்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுல 250 ஓம்னு போட்டிருக்குண்ணா, என் போன் இழுக்குமா?" பாண்டியில் வாடகை ரூமிலேயே கீபோர்டும் லேப்டாப்பும் வைத்துப் பாட்டு பதிவு செய்யும் பையன்களும் இதைத்தான் கேட்கிறார்கள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய கச்சேரிப் பதிவுகளை நிம்மதியாக உட்கார்ந்து கேட்க நினைக்கும் பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஓம் எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அதன் பக்கத்தில் சென்சிடிவிட்டி என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் அந்த ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று தெரியும், அந்த வோல்ட் உங்கள் போனிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. கணக்கு கஷ்டமானது இல்லை, போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஆனால் இதைச் செய்யாமல் ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து ஆம்ப் (போனிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கி, வால்யூம் குமிழை எட்டு மணி முள்ளுக்கு மேல் திருப்பவே முடியாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் இந்த ஓம் சமாச்சாரத்தைப் பார்த்துவிடுவோம். ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய தகடு, அதன் பின்னால் தலைமுடி போன்ற கம்பியால் சுற்றிய சுருள், அதைச் சுற்றிக் காந்தம். சுருளில் மின்சாரம் போகும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும், தகடு அசையும், சத்தம் வரும். அந்தச் சுருள் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்புதான் இம்பிடன்ஸ், அதை அளக்கும் அலகுதான் ஓம். பாட்டு என்பது மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் என்பதால் இந்த எதிர்ப்பும் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றுபோல் இருக்காது, அடித்தொண்டையில் ஒரு அளவு, மேலே ஒரு அளவு. பெட்டியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எடுத்த ஒரு பெயரளவு எண். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆம்ப்பைப் பற்றிப் பேசும்போது இதுதான் பெரிய விஷயமாக வரும்.

மெல்லிய கம்பியை நிறையச் சுற்று சுற்றினால் ஓம் கூடும், கொஞ்சம் தடித்த கம்பியைக் குறைவாகச் சுற்றினால் ஓம் குறையும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. 250 ஓம் என்றால் மற்றதைவிடப் பலமானது, உசத்தி என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படிக் கிடையாது. 32 ஓம் குறைந்த வோல்ட்டேஜ் தரும் போன், லேப்டாப்புக்காக, 250 ஓம் அதிக வோல்ட்டேஜ் தரும் ஸ்டுடியோ சாமான்களுக்காக, அவ்வளவுதான். ஓம் கூடினால் வோல்ட் அதிகம் கேட்கும், கரன்ட் கொஞ்சம்தான் இழுக்கும். ஓம் குறைந்தால் தலைகீழ். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனில் சுமார் 31 மில்லிஆம்பியர் ஓடும், 31 மில்லிவாட் பவர் இறங்கும். அதே ஒரு வோல்ட்டில் 300 ஓம் ஹெட்போனில் 3.3 மில்லிஆம்பியர், 3.3 மில்லிவாட். பத்தில் ஒரு பங்கு. இந்த இடத்தில்தான் எல்லோரும் "பார்த்தீங்களா, 300 ஓமுக்கு ஆம்ப் கட்டாயம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் பாதிக் கணக்கு பாக்கி இருக்கிறது.

வோல்ட் கணக்கு

சென்சிடிவிட்டி என்பது எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு, டெசிபலில் சொல்வார்கள். தொல்லை என்னவென்றால் சில கம்பெனி ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடும், சில கம்பெனி ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும், இரண்டும் வேறு வேறு, சில பெட்டியில் எதற்கு என்றே எழுதாமல் வெறும் டெசிபல் என்று விட்டிருப்பார்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்வதுதான் சுலபம், ஏனென்றால் போனும் டாங்கிளும் (ஜாக் இல்லாத போனில் செருகி ஹெட்போன் மாட்டும் சின்ன அடாப்டர்) நமக்குக் கொடுப்பது வோல்ட்தான்.

மாற்றுவதற்கு லாகரிதம் எல்லாம் வேண்டாம். மில்லிவாட் கணக்கில் போட்டிருந்தால், ஹெட்போன் 16 ஓம் என்றால் 18-ஐக் கூட்டுங்கள், 32 ஓம் என்றால் 15, 64 ஓம் என்றால் 12, 250 ஓம் என்றால் 6, 300 ஓம் என்றால் 5, 600 ஓம் என்றால் 2. நடுவில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளலாம், ஒரு டெசிபல் அப்படி இப்படி இருந்தால் காதுக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது நிஜ ஹெட்போன்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 14-ஐக் கூட்டினால் வோல்ட்டுக்கு 113. டிடி 770 ப்ரோ 250 ஓம், மில்லிவாட்டுக்கு 96, கூட்டினால் 102. சென்ஹைசர் எச்டி 650, 300 ஓம், இதற்கு வோல்ட் கணக்கிலேயே 103 என்று போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றில் எம்50எக்ஸை எந்தப் போனும் இழுத்துவிடும் என்பது இப்போதே தெரிகிறது.

அடுத்தது ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம்தான், ஓம் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் போனிலேயே ஓட்டிவிடலாம் என்பார்கள். ஆனால் சென்சிடிவிட்டி மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். வோல்ட்டுக்கு மாற்றினால் 96 அல்லது 97 வருகிறது. எச்டி 650-ல் 110 டெசிபல் உச்சம் வர வேண்டும் என்றால் சுமார் 2.2 வோல்ட், 17 மில்லிவாட் போதும். எச்இ-6-ல் அதே 110 வர வேண்டும் என்றால் 4.7 வோல்ட், கிட்டத்தட்ட 95 மில்லிஆம்பியர், 450 மில்லிவாட் வேண்டும். 50 ஓம் ஹெட்போன் 300 ஓம் ஹெட்போனைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பவர் சாப்பிடுகிறது. ஓம் எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று தெரிந்த பிறகு, தேவையான உச்சத்துக்கு எத்தனை வோல்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 6 டெசிபல் கூட வேண்டும் என்றால் வோல்ட் இரண்டு மடங்கு, 20 டெசிபல் கூட வேண்டும் என்றால் பத்து மடங்கு. டிடி 770-க்கு ஒரு வோல்ட்டில் 102 என்றால் இரண்டு வோல்ட்டில் 108, இரண்டரை வோல்ட்டில் 110.

எவ்வளவு சத்தம் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் காது சம்பந்தப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, சராசரி 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம். உலக சுகாதார அமைப்பு இன்னும் கறாராக, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. இது சராசரிச் சத்தத்துக்கு. பாட்டில் தவில் அடி, மிருதங்க முத்தாய்ப்பு மாதிரி உச்சங்கள் சராசரிக்கு மேலே தாண்டும். இப்போது வரும் சினிமாப் பாட்டுகளை அழுத்திப் பதிவு செய்வதால் உச்சம் சராசரியைவிடப் பத்து டெசிபல் கூட இருந்தாலே பெரிது. நல்ல கச்சேரிப் பதிவில் பதினைந்து, இருபது கூட இருக்கும். அதனால் சராசரி 80 வைத்துக் கேட்பவருக்கு உச்சம் 100 வந்தால் போதும், கொஞ்சம் தாராளமாக 105 என்று வையுங்கள். 110 என்பது இன்னும் மிச்சம் வைத்துப் போடும் கணக்கு, அந்தச் சத்தத்தில் யாரும் தொடர்ந்து கேட்கக் கூடாது.

உங்களிடம் இருப்பது எத்தனை வோல்ட்

போனில் இருக்கும் ஜாக் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தரும். ஆப்பிள் விற்கும் சின்ன யுஎஸ்பி-சி டாங்கிள் ஒரு வோல்ட், ஐரோப்பாவில் விற்பது மட்டும் அங்கே இருக்கும் சத்த வரம்புச் சட்டத்தால் அரை வோல்ட், வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர்களை வாங்கிவரச் சொல்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பாண்டிக்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும், பிரான்சில் சொந்தம் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. இன்னொன்று, அந்த டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் சத்தம் பாதிதான் வரும், டாங்கிள் பழுது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் முழுச் சத்தமும் வரும்.

ஒரு வோல்ட் டாங்கிளில் எச்டி 650 உச்சத்தில் 103 டெசிபல் போகும். மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பாட்டு கேட்பவருக்கு அது போதும். ரொம்ப மெலிதாகப் பதிவான பழைய கச்சேரி, சத்தம் எழாத வீணைப் பதிவு என்றால் வால்யூம் முழுசா வைத்தும் போதாமல் போகலாம், அப்போது இரண்டு வோல்ட் தரும் டாங்கிள் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். 2021-லிருந்து வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை, 150 ஓமுக்குக் குறைவான ஹெட்போன் என்றால் 1.25 வோல்ட் வரைக்கும், அதற்கு மேல் 1000 ஓம் வரை என்றால் 3 வோல்ட் வரைக்கும் அதுவே செருகியதைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

ஆம்ப் பெட்டியில் மில்லிவாட் கணக்குதான் போட்டிருக்கும், அதுவும் பெரிய எண்ணாகத் தெரியும் ஓமில் மட்டும் போடுவார்கள். 32 ஓமில் 100 மில்லிவாட் என்று இருந்தால், 0.1-ஐ 32-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 1.8 வோல்ட் வரும். அந்த ஆம்ப் 300 ஓம் ஹெட்போனுக்கும் அதே 1.8 வோல்ட்டுக்கு மேல் பெரிதாகத் தரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டால், பவர் 11 மில்லிவாட்தான். 300 ஓமுக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும் பெட்டியை நம்பலாம். எந்த ஓமில் என்றே சொல்லாமல் மில்லிவாட் மட்டும் எழுதியிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

புளூடூத் ஹெட்போனுக்கு இது எதுவும் தேவையில்லை, ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, கம்பெனியே பொருத்தம் பார்த்து வைத்திருக்கும்.

ஆம்ப்புக்கும் ஓம் உண்டு

சத்தம் வருமா என்பது வோல்ட் கணக்கு. சத்தத்தின் குணம் மாறுமா என்பது வேறு கணக்கு, இதைப் பற்றித்தான் பெட்டியிலும் போட மாட்டார்கள், கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஆம்ப்பின் வாயிலும் ஒரு எதிர்ப்பு இருக்கிறது, அதற்குப் பெயர் அவுட்புட் இம்பிடன்ஸ்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் இருந்திருக்கிறீர்களா? பக்கத்துக் கொல்லையில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்கும், ஃபேன் இறங்கும், மோட்டார் நின்றதும் பழையபடி ஆகும். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் சரியாகவே இருக்கிறது. நீளமான லைன் கம்பியின் எதிர்ப்பு நடுவில் இருப்பதால், யாராவது கரன்ட் அதிகமாக இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் வோல்ட் கம்பியிலேயே தங்கிவிடுகிறது. ஹெட்போன் ஜாக்கிலும் நடப்பது அதேதான். ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் அந்த நீளமான லைன், ஹெட்போன் அந்த மோட்டார்.

எல்லா ஸ்வரத்திலும் ஹெட்போன் ஒரே அளவு கரன்ட் இழுத்தால் பரவாயில்லை, மொத்தச் சத்தம் கொஞ்சம் குறையும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இம்பிடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுகிறது என்று முன்னால் சொன்னேனே, அதனால் எங்கே ஓம் குறைவோ அங்கே வோல்ட் அதிகம் தொலைகிறது, எங்கே ஓம் கூடுதலோ அங்கே கம்மியாகத் தொலைகிறது. நீங்கள் ஈக்வலைசரைத் தொடவே இல்லை, ஆனால் பாட்டின் நிறம் மாறிவிட்டது.

எச்டி 600, 650 மாதிரி ஹெட்போனில் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இம்பிடன்ஸ் மலைபோல ஏறி 500 ஓமைத் தாண்டும், மற்ற இடத்தில் 300 பக்கத்தில் இருக்கும். இதை 120 ஓம் அவுட்புட் இருக்கும் பழைய ஆம்ப்பில் போட்டால் அந்த இடம் மட்டும் சுமார் 1.2 டெசிபல் தூக்கலாக வரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும், எண்பதுகளின் பாட்டில் வரும் பேஸ் கிட்டாரும் கொஞ்சம் புஷ்டியாக, கொஞ்சம் தொளதொளவென்று கேட்கும். சிலருக்கு இது பிடிக்கும், அதில் தப்பே இல்லை. 120 ஓம் என்பதே ஒரு காலத்தில் சர்வதேசத் தரக் குறிப்பில் பரிந்துரைத்த எண்தான், அந்தக் காலத்து ஹெட்போன்கள் பெரும்பாலும் அதிக ஓம் என்பதால் அது ஓடியது.

இன்றைய சிக்கல் காதுக்குள் செருகும் இயர்போனில் இருக்கிறது, அதிலும் பேலன்ஸ்ட் ஆர்மச்சர் என்ற சின்னச் சின்ன டிரைவர்கள் பல சேர்த்துச் செய்ததில். ஒரே இயர்போனில் ஒரு இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 40 ஓம் என்று ஏறி இறங்கலாம். அப்படி ஒன்றை 10 ஓம் அவுட்புட் உள்ள ஜாக்கில் போட்டால் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். 5 டெசிபல் என்பது யாருக்கும் கேட்கும். குரல் உள்ளே போய் ஸ்ஸ் சத்தம் முன்னால் வரலாம், அல்லது நேர்மாறாக. அதே இயர்போனை 1 ஓம் அவுட்புட் உள்ள டாங்கிளில் போட்டால் வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் குறைவு. இருபதாயிரம் கொடுத்து வாங்கிய இயர்போன் "லேப்டாப்ல நல்லாவே இல்ல, போன்ல சூப்பரா இருக்கு" என்று யாராவது சொன்னால் அவர் காதைச் சந்தேகப்படாதீர்கள், ஜாக்கைச் சந்தேகப்படுங்கள்.

நடைமுறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு, ஆம்ப்பின் அவுட்புட் ஓம் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். பேலன்ஸ்ட் ஆர்மச்சர் என்றால் அதுவும் போதாது, ஒரு ஓமும் அதற்குக் கீழேயும் தேடுங்கள். பிளேனார் மேக்னட்டிக் ஹெட்போன்களுக்கு (சுருளுக்குப் பதிலாக மெல்லிய தகட்டின் மேலேயே கம்பித் தடம் பதித்தவை, எச்இ-6 அந்த வகைதான்) இந்தக் கவலை கிடையாது, அவற்றின் இம்பிடன்ஸ் எல்லா இடத்திலும் ஒரே கோடாக இருக்கும், அதனால் வோல்ட் கணக்கு மட்டும் பார்த்தால் போதும்.

பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ஸ்பீக்கர் ஆம்ப்பையே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் ஜாக்குக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அங்கே நூற்றுக்கணக்கான ஓம் இருக்கும். மைக் செட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மிக்சர்கள் சிலவற்றிலும் இதே கதைதான். 300 ஓம் ஹெட்போனுக்கு அந்த ஜாக்குகள் ஓடும், இயர்போனைக் கொண்டுபோய்ச் செருகி அதன் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் ஜாக்கைப் பற்றியும் கேட்கிறார்கள், பொதுக் கிரவுண்ட் இல்லாமல் இடது வலது ஒவ்வொன்றையும் இரண்டு ஆம்ப் சேர்ந்து ஓட்டும் ஜாக் அது, பேலன்ஸ்ட் ஆர்மச்சருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வோல்ட் இரண்டு மடங்கு வரைக்கும் கிடைக்கும், கூடவே அவுட்புட் ஓமும் இரண்டு மடங்காகும். வோல்ட் போதாமல் இருப்பவருக்கு லாபம், சென்சிடிவான இயர்போன் வைத்திருப்பவருக்கு வேண்டாத செலவு.

வீட்டிலேயே அளந்து பார்க்க

அவுட்புட் ஓமை எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை என்றால் நீங்களே அளக்கலாம். ஏசி வோல்ட்டேஜில் 2 வோல்ட் ரேஞ்ச் இருக்கும் மல்டிமீட்டர் வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் அந்த மஞ்சள் கலர் சின்ன மீட்டரில் ஏசிக்கு 200-ம் 750-ம்தான் இருக்கும், அரை வோல்ட்டை அதில் பார்த்தால் 0.5 என்று ஒரே ஒரு இலக்கம் காட்டும், இந்த வேலைக்கு உதவாது.

இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் இருக்கும் ஒரு ஆக்ஸ் ஒயரை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன இயர்போன் ஒயரை வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பிகளுக்கு மேலே கலர் பூச்சு இருக்கும், அதை லைட்டரால் லேசாகச் சுட்டுச் சுரண்டாவிட்டால் மீட்டரில் ஒன்றுமே காட்டாது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டு 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓட விடுங்கள். சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாக அளக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் 1000 ஹெர்ட்ஸ் வைக்காதீர்கள். ஒயரில் எதுவும் மாட்டாமல் ஒரு பக்கச் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள். அப்புறம் வால்யூமைத் தொடாமல் அதே இரண்டு கம்பிக்கு நடுவில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துத் திரும்பப் பாருங்கள். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்து, 33-ஆல் பெருக்குங்கள். 0.50 வோல்ட் இருந்தது 0.38 ஆக இறங்கினால், 0.12-ஐ 0.38-ஆல் வகுத்து 33-ஆல் பெருக்கினால் 10.4. பத்து ஓம் ஜாக் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0.50 இருந்தது 0.49-ல் நின்றால் ஜாக் நல்ல ஜாக். மேக்புக் மாதிரி செருகியதைப் பார்த்து வோல்ட் மாற்றும் மிஷின்களில் மட்டும் இந்த முறை ஏமாற்றும், எதுவும் மாட்டாதபோது அது வேறு அளவில் ஓடலாம்.

உப்புக் காற்று

கடலூரிலும் பாண்டியிலும் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இம்பிடன்ஸைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் பின்னைப் பார்க்க வேண்டும். முதுநகர், தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் பக்கமெல்லாம் கேட்டுக் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது, 3.5 மில்லிமீட்டர் பின்னின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு தேய்ந்ததும் அடியில் இருக்கும் பித்தளை பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்துவிடும். அந்தப் படிவு சில ஓம் எதிர்ப்பை நடுவில் கொண்டுவந்து வைக்கும். 300 ஓம் ஹெட்போனில் அது தெரியவே தெரியாது, 16 ஓம் இயர்போனில் ஒரு பக்கம் சத்தம் குறைந்து தெரியும்.

இதற்கு அந்த மஞ்சள் மீட்டரே போதும். 200 ஓம் ரேஞ்சில் வைத்து, பின்னின் நுனியையும் கிரவுண்ட் வளையத்தையும் தொடுங்கள், அது இடது பக்கம். நுனிக்கு அடுத்த வளையத்தையும் கிரவுண்டையும் தொட்டால் வலது. மைக் இருக்கும் பின்னில் நான்கு பட்டை இருக்கும், நுனியிலிருந்து மூன்றாவதுதான் பெரும்பாலும் கிரவுண்ட், கடைசிப் பட்டை மைக். தொடும்போது இயர்போனில் டக் என்று ஒரு சத்தம் வரும், காதில் மாட்டிக்கொண்டு செய்யாதீர்கள். 32 ஓம் ஹெட்போனில் மீட்டர் 30 பக்கத்தில் காட்டினால் சரி, நேர்மின்சாரத்தில் அளப்பதால் பெயரளவைவிடக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முக்கியம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது 31, வலது 38 என்றால் ஒயரிலோ பின்னிலோ கோளாறு.

இன்னொரு அறிகுறி உண்டு. பாட்டில் பின்னணி இசை எல்லாம் தெளிவாக இருக்கிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி காணாமல் போகிறது, பின்னை லேசாகத் திருகினால் குரல் திரும்பி வருகிறது. கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் குரல் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும், இடது வலது என்று பிரிந்திருக்கும் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும். ஹெட்போன் போய்விட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு பின்னைத் துடையுங்கள், போனை அணைத்துவிட்டு ஜாக்குக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை மெலிதாக்கி லேசாகச் சுழற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சம் இருக்கும் பூச்சும் போய், அடுத்த மழைக்காலத்துக்குள் முன்பைவிட மோசமாகும்.

வாங்குவதற்கு முன்

கடலூர் - பாண்டி பஸ்ஸில் தினமும் போய்வருகிறவர்கள் சிலர் சத்தம் பத்தவில்லை என்று ஆம்ப் தேடுகிறார்கள். ஜன்னல் திறந்திருக்கும் பஸ்ஸில், டிரைவர் போட்ட பாட்டும் ஏர் ஹாரனும் சேர்ந்து வரும்போது, உங்கள் போன் போதுமான வோல்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, வெளிச்சத்தம் அதை மூடுகிறது. அங்கே ஆம்ப் வைத்து ஏற்றினால் காதுதான் போகும். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையோ, ஃபோம் முனையோ மாற்றுங்கள், அதே போனில் வால்யூமைக் குறைத்தே கேட்கலாம்.

ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு பேர் கேட்டால் இரண்டு 32 ஓமும் சேர்ந்து 16 ஓமாகிவிடும். நல்ல டாங்கிளில் ஒன்றும் ஆகாது, 10 ஓம் ஜாக்கில் இருவருக்குமே சுமார் 2 டெசிபல் குறையும்.

ஸ்பீக்கர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் நேராக ஹெட்போனைக் கொடுக்கும் வித்தைகளைச் செய்ய வேண்டாம். பவர் அதிகம் என்பதோடு, சில ஆம்ப்களில் கறுப்பு முனை கிரவுண்டே இல்லை, ஹெட்போனின் பொதுக் கிரவுண்ட் அந்த இரண்டு கறுப்பு முனையையும் சேர்த்துவிட்டால் ஆம்ப்பே எரியும்.

சக்திவாய்ந்த ஆம்ப் வாங்கியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் கெயின் சுவிட்ச் (ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை மாற்றும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் இயர்போன் வோல்ட் கணக்கில் 128 வருகிறது, 100 டெசிபல் உச்சத்துக்கு அதற்கு வேண்டியது 0.04 வோல்ட்தான். பெரிய ஆம்ப்பில் அதைச் செருகினால் பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே ஸ்ஸ் என்ற இரைச்சல் கேட்கும், வால்யூம் குமிழின் அடிப்பகுதியில் இடது வலது சத்தமும் சமமாக இருக்காது. லோ கெயினில் வைத்தால் ஓரளவு அடங்கும்.

எச்டி 650 கேட்டுக்கொண்டிருந்த அதே ஆம்ப்பில் அப்படி ஒரு இயர்போனை மாற்றிச் செருகினால் வித்தியாசம் 25 டெசிபல். குமிழை முழுசா இறக்கிவிட்டுச் செருகுங்கள், காதில் மாட்டாமல் கையில் பிடித்தபடி பாட்டைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.